வெள்ளிக்கிழமை வராதவர்

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு தர்மக் கடை இருக்கிறது. வீடு மாறுகிறவர்களும் இறந்தவர்களின் பிள்ளைகளும் கொண்டுவந்து கொடுக்கும் துணிமணி, பீங்கான், புத்தகங்களை ஒரு யூரோ இரண்டு யூரோவுக்கு விற்று, வரும் பணத்தை நோயாளிகளுக்குச் செலவிடுவார்கள். போன மாதம் மழைக்கு ஒதுங்கி உள்ளே நுழைந்தேன். புத்தக அலமாரியில் அட்டை மடங்கிய நாவல் ஒன்று கிடந்தது. அட்டையில் ஒரு பச்சைக் கதவு, ஜன்னலில் பூனை, பின்னால் கல் அடுக்கி வேலி போட்ட வயல். எடுத்துப் பிரித்ததும் பக்கங்களிலிருந்து டர்ஃப் புகையின் வாசம் வந்தது.

டர்ஃப் என்பது சதுப்பு நிலத்திலிருந்து கட்டி கட்டியாக வெட்டி எடுத்து, கோடையில் காயவைத்து, குளிருக்கு அடுப்பில் எரிக்கும் கரிய மண். அதன் புகையில் வரட்டியும் ஈர மண்ணும் கலந்தது போல ஒரு வாசம் இருக்கும். அது சட்டையில் ஏறும், கூந்தலில் ஏறும், புத்தகத்தில் ஏறினால் வருஷக்கணக்கில் இறங்காது.

அந்த வாசம் என்னை, இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் வேலை பார்த்த ஊருக்குக் கொண்டுபோனது. திருநெல்வேலியில் நர்ஸிங் முடித்து, சென்னையில் சில வருஷம் வேலை பார்த்து, அயர்லாந்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் கிளம்பி வந்தவள் நான். எங்களோடு வந்தவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள். டப்ளின் கிடைக்கும் என்ற எண்ணத்தில் விமானம் ஏறினேன். கிடைத்தது மேற்கு கார்க்கில், கடலுக்குப் பக்கத்தில், ஒரே தெரு உள்ள ஊரில் ஒரு முதியோர் இல்லம். தெருவில் ஒரு சர்ச், மூன்று பப், ஒரு பலசரக்குக் கடை, மூடிக்கிடக்கும் ஒரு தபால் நிலையம்.

அந்தத் தபால் நிலையத்தைக் கடைசியாக நடத்திய அம்மாள், நான் சேர்ந்து சில வருஷம் கழித்து எங்கள் இல்லத்துக்கே வந்து சேர்ந்தார். அவருடைய தாய் பார்த்த வேலை. தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. வீட்டின் முன்னறைதான் தபால் நிலையம். அவர் ஓய்வு பெற்றபோது எடுத்து நடத்த ஆள் இல்லாமல் மூடிவிட்டார்கள். இல்லத்தில் எல்லோரையும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அங்கே அதுதான் வழக்கம். எண்பது தாண்டியவரை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மனதுக்குள் அவர் எனக்குப் பாட்டி. அவர் என்னை 'கேர்ள்' என்பார். கார்க் பக்கத்தில் எழுபது வயதுக்காரியையும் அப்படிக் கூப்பிடுவார்கள்.

பாட்டிக்குக் கண்ணின் நடுப்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே இருப்பது தெரியாது. நடமாடும் நூலக வண்டியில் வரும் பெரிய எழுத்துப் புத்தகங்களைக் கொஞ்ச காலம் சமாளித்துப் படித்தார். பிறகு அதுவும் முடியாமல் போனது. ராத்திரி மாத்திரையெல்லாம் கொடுத்து முடித்து, மற்றவர்கள் தூங்கிய பிறகு, அவர் கட்டிலருகே உட்கார்ந்து நான் வாசிக்கத் தொடங்கினேன். வண்டி வரும் நாளில் நூலகக்காரரிடம் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நம்ம ஊர் மாதிரி ஊர்ல நடக்கிற கொலைக்கதை இருக்கா?"

இருந்தன, நிறையவே. இந்த வகைக்கு கோஸி மிஸ்டரி என்று பெயர். கொலை நடக்கும், ஆனால் ரத்தத்தை விவரிக்க மாட்டார்கள். துப்பறிகிறவர் பெரும்பாலும் போலீஸ் இல்லை. சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர், நூலகர், பப் முதலாளி, ஊர் வக்கீல். இடம் சிறியது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். 1930இல் நாவலுக்குள் வந்த துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளும் அவருடைய செயின்ட் மேரி மீட் கிராமமும் இதற்கு மூதாதை என்று சொல்லலாம். நானோ ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலாவோடு வளர்ந்தவள். பஸ் ஸ்டாண்டில் வாங்கி, பஸ் கோவில்பட்டி தாண்டுவதற்குள் முடித்துவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்குகிற வாசகி. துப்பறியும் கதை என்றால் ஓட்டம் என்றே எனக்குப் பழக்கம். இந்த ஐரிஷ் கதைகளில் யாரும் ஓடவில்லை. சந்தேகப்படும் ஆளின் வீட்டுக்குப் போனால் முதலில் கெட்டிலைப் போடுகிறார்கள். தேநீர் ஆறுவதற்குள் அவர் தாத்தாவின் நிலத்தகராறு வரை வந்துவிடுகிறது.

நாங்கள் முதலில் வாசித்த சிலவற்றில் ஷீலா கானலியின் 'பரீட் இன் எ பாக்' உண்டு. 2013இல் வந்தது. பாஸ்டனில் பாட்டியிடம் வளர்ந்த மாரா டோனவன் என்ற பெண், பாட்டி இறந்த பிறகு அவர் பிறந்த மண்ணைப் பார்க்க கார்க் மாவட்டத்துக்கு வருகிறாள், ஒரு பப்பில் வேலைக்கு நிற்கிறாள், பக்கத்துச் சதுப்பு நிலத்தில் ஒரு பழைய உடல் கிடைக்கிறது. கதை நடக்கும் லெப் என்ற ஊர் உண்மையிலேயே இருக்கிறது, ராஸ்கார்பரிக்கும் ஸ்கிபரீனுக்கும் நடுவே. எங்கள் பஸ் அதன் வழியாகத்தான் போகும். படித்த பிறகு அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சதுப்பு நிலத்தில் உடல் கெடாமல் இருப்பது கதைக்காகச் சொன்னதல்ல. ஸ்ஃபாக்னம் என்ற பாசி நீரை அமிலமாக்குகிறது, குளிர் வேறு, ஆக்சிஜன் கிடையாது. அழுகச் செய்யும் கிருமிகள் அங்கே பிழைக்க முடிவதில்லை. தோலும் மயிரும் நகமும் பதப்பட்டு அப்படியே நின்றுவிடும். பாட்டி சொல்லி, விடுமுறையில் டப்ளின் கில்டேர் தெரு அருங்காட்சியகத்துக்குப் போய், 2003இல் கண்டெடுத்த இரண்டு உடல்களைப் பார்த்தேன். ஒருவர் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் தலைமுடியில் பூசிய பிசின் பிரான்சிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ வந்தது என்கிறார்கள். ஓல்ட் க்ரோகன் மனிதர் என்பவருக்கு இடுப்புக்கு மேல் உடல் மட்டுமே இருக்கிறது, தலை இல்லை. ஆனால் அவருடைய கையும் நகமும்! நரம்பு ஊசி போடுவதற்காக நான் தினமும் பிடிக்கும் கைகளுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. இருவருமே கொல்லப்பட்டவர்கள். திரும்பி வந்து சொன்னதும் பாட்டி, "டர்ஃப் வெட்டும்போது எங்க அப்பா மண்வெட்டியை மெதுவாத்தான் இறக்குவார்" என்றார்.

டர்ஃப் வெட்டுவதும் போய்க்கொண்டிருக்கிறது. அரசின் டர்ஃப் நிறுவனமான போர்ட் ந மோனா 2021இல் வெட்டுவதை நிறுத்திவிட்டது. 2022லிருந்து கடையில் விற்கவும் தடை. சுற்றுச்சூழலுக்கு அது நல்லதுதான், எனக்கு மறுப்பில்லை. சொந்த உரிமை உள்ள குடும்பங்கள் தங்கள் அடுப்புக்கு இன்னும் வெட்டுகிறார்கள்.

கார்லீன் ஓ'கானரின் 'மர்டர் இன் ஆன் ஐரிஷ் வில்லேஜ்' 2016இல் வந்தது. பெற்றோரை விபத்தில் இழந்த ஷிவோன் என்ற பெண், கூடப்பிறந்த ஐந்து பேரைக் காப்பாற்ற, அம்மா பெயரில் இருக்கும் உணவகத்தை நடத்துகிறாள். ஒரு காலையில் கடையைத் திறந்தால் ஒருவர் மேஜையருகே உட்கார்ந்திருக்கிறார், மார்பில் இளஞ்சிவப்புக் கத்தரிக்கோல். குடும்பப் பொறுப்பைச் சுமக்கும் மூத்த பெண் என்பதால் எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். பின்னால் வரும் நாவல்களில் அவளே போலீஸில் சேர்கிறாள். வடக்கே டோனகல் மாவட்டத்தின் இனிஷோவன் தீபகற்பத்தை வைத்து ஆண்ட்ரியா கார்ட்டர் எழுதுகிறார். அவரே அங்கே வக்கீலாக இருந்தவர், அதனால் உயில், பட்டா, வேலித்தகராறு எல்லாம் அவர் கதைகளில் சரியாக இருக்கும். இவற்றில் எல்லாம் நின்று பேசுவது கிரஹாம் நார்ட்டனின் 'ஹோல்டிங்' என்பது என் கருத்து. அவர் தொலைக்காட்சியில் பெரிய ஆள், ஆனால் வளர்ந்தது மேற்கு கார்க்கின் பாண்டன் ஊரில். கதையின் சார்ஜென்ட் பி.ஜே. காலின்ஸ் பருத்த உடம்புக்காரர், கூச்சப்படுகிறவர், தனிக்கட்டை. வீடு கட்டத் தோண்டிய இடத்தில் எலும்புகள் கிடைக்கும்வரை அவர் ஊரில் பெரிதாக எதுவும் நடந்ததில்லை. அவர் சாப்பிடும் காட்சிகளை வாசிக்கும்போது பாட்டி சிரிக்க மாட்டார். "பாவம், வீட்ல பேச ஆளில்ல" என்பார்.

வாசிப்பின் நடுவே பாட்டி என்னை நிறுத்திவிடுவார். கதையில் தபால்காரம்மா ஆவியில் காட்டிக் கடிதத்தைப் பிரித்தால் அவருக்குக் கோபம் வரும். "பிரிக்க வேண்டிய அவசியமே இல்ல, கேர்ள். யார் கையெழுத்து, எந்த ஊர் முத்திரை, எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது, எப்போ நின்னுபோச்சு. இவ்வளவு போதும்." 2015வரை அயர்லாந்தின் கிராமங்களுக்குத் தபால் குறியீடு கிடையாது. வீட்டுக்கு எண்ணும் கிடையாது. 60,000க்கும் மேற்பட்ட டவுன்லாண்டுகள், அதாவது ஊருக்குள் அடங்கிய சிறு நிலப்பிரிவுகள், அவற்றின் பெயர்தான் விலாசம். ஒரே பிரிவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது சகஜம். பட்டப்பெயர் தெரிந்தால்தான் கடிதம் வீடு போய்ச் சேரும். அதையெல்லாம் தலையில் வைத்திருந்த பெண்மணி அவர்.

அவர் எனக்குச் சொன்ன வழக்கு ஒன்று உண்டு. இங்கே முதியோர் ஓய்வூதியத்தை வெள்ளிக்கிழமை தபால் நிலையத்தில் வாங்குவார்கள். மலைச்சரிவில் தனியாக இருந்த ஒரு விவசாயி, கல்யாணம் ஆகாதவர், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சைக்கிளில் வந்துவிடுவார். பணத்தை வாங்குவார், எதிரே பப்பில் ஒரு கிளாஸ் குடிப்பார், ரொட்டியும் புகையிலையும் வாங்கிக்கொண்டு போவார். யாரோடும் அதிகம் பேசாதவர். ஒரு வெள்ளிக்கிழமை பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று, ஆள் வரவில்லை. மழை இல்லை, திருவிழா இல்லை. பாட்டி தபால்காரரைக் கூப்பிட்டு, கடிதம் இருக்கிறதோ இல்லையோ அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார். சமையலறைத் தரையில் இடுப்பெலும்பு உடைந்து கிடந்தார், முதல்நாள் இரவிலிருந்து. உயிர் இருந்தது. அதன் பிறகு பல வருஷம் அவர் வெள்ளிக்கிழமைகளில் வந்துகொண்டுதான் இருந்தாராம், சைக்கிளுக்குப் பதில் பக்கத்து வீட்டுக் காரில்.

கொலை இல்லை, கொலைகாரன் இல்லை. ஆனாலும் நான் கேட்ட துப்பறியும் கதைகளில் எனக்கு இதைவிடப் பெரியது கிடையாது. வர வேண்டியவர் வரவில்லை என்பதை ஒருவர் கவனித்தார். கோஸி மிஸ்டரிகளில் வரும் கிராமத்துப் பெண்கள் எல்லோரும் செய்வது இதையேதான். தினமும் குரைக்கும் நாய் இன்று குரைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் வரிசையில் உட்காருகிறவர் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். நகரத்தில் இதைப் பார்க்க ஆள் கிடையாது. நான் இப்போது வேலை பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு, யாரும் தேடாமல் வாரக்கணக்கில் வீட்டில் கிடந்தவர்கள் வருகிறார்கள். அவர்களைக் குளிப்பாட்டும்போது எனக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வரும்.

கவனிக்கும் கண்கள் கிராமங்களிலும் குறைந்துவிட்டன. 2018இல் மட்டும் 159 தபால் நிலையங்களின் பொறுப்பாளர்கள் ஓய்வுத்தொகை வாங்கிக்கொண்டு விலகினார்கள். அதற்கு முன் 2012, 2013 இரண்டு வருஷத்தில் 139 கார்டா நிலையங்களை மூடினார்கள். கார்டா என்பது இங்கே போலீஸ். 1922இல் தொடங்கிய அந்தப் படையில் சாதாரண சீருடைக் கார்டாக்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. துப்பாக்கி இல்லாதவருக்குப் பேச்சுத்தான் ஆயுதம் என்பதால் ஊர் சார்ஜென்ட் எல்லோர் வீட்டிலும் தேநீர் குடித்திருப்பார். பி.ஜே. காலின்ஸ் மாதிரி ஒருவர் நிலையத்திலேயே குடியிருப்பது இனி நாவலில்தான் நடக்கும்.

சாவு வீடு மட்டும் பெரிதாக மாறவில்லை. இந்த நாவல்களில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் அதுதான். உள்ளூர் வானொலியில் காலையும் மாலையும் இறந்தவர் பெயர்களை வாசிப்பார்கள்; 2005இலிருந்து அதற்கென்று இணையதளமும் உண்டு. பெரும்பாலும் மூன்று நாளுக்குள் அடக்கம். உடலை வீட்டில் வைத்து, ஊரே வரிசையில் வந்து, குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, உங்கள் துயரத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகரும். பாட்டி இறந்தபோது நானும் அந்த வரிசையில் நின்றேன். வரிசை தெருவைத் தாண்டிப் போயிற்று. இடுப்பொடிந்த விவசாயியின் தம்பி மகன் வந்திருந்தார். சமையலறையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஹாம் சாண்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்தார்கள், கெட்டில் அணையவே இல்லை. எங்கள் ஊரில் சாவு வீட்டு அடுப்பு எரியாது, பங்காளி வீட்டிலிருந்து சாப்பாடு வரும். இங்கே சாவு வீட்டிலேயே பலகாரம் என்று எனக்கு முதலில் உறுத்தியது. மூன்றாவது கோப்பைத் தேநீரில் அந்த உறுத்தல் போய்விட்டது. பாட்டியைப் பற்றி எனக்குத் தெரியாத நிறைய விஷயங்கள் அன்றைக்குத்தான் தெரிந்தன.

அவர் உயிரோடு இருந்தபோதே சொன்ன வேறு ஒன்றும் உண்டு. ஒரு நாவலின் கடைசி அத்தியாயம். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள், உண்மை வெளியே வருகிறது. பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இது மட்டும் கதை. நிஜத்துல எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார். ஜான் பி. கீன் எழுதிய 'தி ஃபீல்ட்' நாடகத்தை அவர் பார்த்திருக்கிறார். லிஸ்டோலில் பப் நடத்திக்கொண்டே எழுதியவர் கீன். 1958இல் கெர்ரி மாவட்டத்தில் நிலத்தகராறின் நடுவே ஒரு விவசாயி கொல்லப்பட்டதை வைத்து 1965இல் எழுதினார். கொன்றது யார் என்று ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. பாட்டிக்கு அது நாடகமாகவே படவில்லையாம். தன் தபால் நிலையத்துக்கு வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு பெண், திடீரென்று வருவது நின்றது. "இங்கிலாந்துல வேலைக்குப் போயிருக்கா" என்றார் அவள் தாய். ஆனால் இங்கிலாந்து ஸ்டாம்ப்போடு ஒரு கடிதமும் வரவில்லை. ஊரில் அத்தனை பேருக்கும் தெரியும், அவள் கர்ப்பமாகி, கன்னியாஸ்திரீகள் நடத்தும் இல்லத்துக்கு அனுப்பப்பட்டாள் என்று. யாரும் கேட்கவில்லை. "நானும்தான்" என்றார் பாட்டி.

அந்த இல்லங்களைப் பற்றிக் கேட்ட ஒரு பெண்மணி பிறகு வந்தார். கேத்தரின் கோர்லெஸ், கால்வே மாவட்டத்தின் டூவம் ஊர்ப்பக்கத்தில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு, உள்ளூர் வரலாற்றில் ஆர்வம் கொண்டவர். அந்த ஊரில் 1925 முதல் 1961 வரை மணமாகாத தாய்மார்களுக்கான இல்லம் ஒன்று இருந்தது. சிறுமியாக இருந்தபோது அவர் பள்ளியில் அந்த இல்லத்துப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். அங்கே இறந்த குழந்தைகள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று கேட்டார், பதில் வரவில்லை. பதிவு அலுவலகத்தில் தன் கைக்காசைக் கொடுத்து இறப்புச் சான்றிதழ்களை வாங்கினார். 796 குழந்தைகள். பக்கத்து மயானங்களின் பதிவேடுகளைப் புரட்டினார். அவர்களில் அநேகமாக யார் பெயரும் அங்கே இல்லை. இல்லம் இருந்த இடத்தில் 1970களில் விளையாடிய சிறுவர்கள் எலும்புகளைப் பார்த்திருந்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும். பழைய வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, அது பழைய கழிவுநீர்த் தொட்டி இருந்த இடம் என்று கண்டுபிடித்தார். 2012இல் உள்ளூர் வரலாற்று இதழில் எழுதினார். 2017இல் அரசின் விசாரணைக் குழு நிலத்துக்கடியில் மனித எச்சங்கள் இருப்பதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் முழு அகழ்வு தொடங்கியது.

செய்தியில் அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு நாங்கள் வாசித்த அத்தனை நாவல்களும் ஞாபகம் வந்தன. அலுவலகப் பதவி இல்லாத ஒரு பெண், சமையலறை மேஜை, காகிதங்கள், விடாத ஒரு கேள்வி. கோஸி மிஸ்டரியை ஆழமில்லாத பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களோடு அதனால்தான் நான் ஒத்துப்போவதில்லை. சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்பது பாதி உண்மை. தெரிந்ததைச் சொல்ல ஒருவர் வேண்டும், கேட்க ஒருவர் வேண்டும். இந்த நாவல்களில் அப்படி ஒருவர் எப்போதும் இருக்கிறார். "இது மட்டும் கதை" என்று சொன்ன பாட்டியும், மறுநாள் ராத்திரி அடுத்த புத்தகத்தை எடுக்கச் சொன்னார்.

படித்துப் பார்க்க நினைப்பவர்கள் 'ஹோல்டிங்'கில் தொடங்குங்கள், பிறகு ஷிவோனிடம் போங்கள். நம் மாத நாவல் வேகத்துக்குப் பழகியவர்களுக்கு முதல் ஐம்பது பக்கம் பொறுமை வேண்டும். வீட்டில் கண் மங்கிய பெரியவர் இருந்தால் தனியாகப் படிக்காதீர்கள். ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் அவர்களுக்கும் கேட்கிற மாதிரி வாசியுங்கள். நடுவே நிறுத்தி அவர்கள் ஏதாவது சொல்லத் தொடங்கினால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்.